மண்பாண்டமும் பிஸ்கட் பேணியும்

அம்மாவிடம் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. மூடியில் அச்சிட்டிருந்த பூக்கள் தேய்ந்து வெறுந்தகரம் தெரியத் தொடங்கிப் பல வருடங்களாகின்றன. அதற்குள் இரண்டு பொலித்தீன் பைகளை ஒன்றினுள் ஒன்றாக இட்டு, நாலைந்து பூச்சியுருண்டைகளோடு அவர் பொத்தி வைத்திருப்பவை எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், ஞானஸ்நான அட்டைகள், அப்பாவின் சிறிய படம் ஒன்று, முகாமில் இருந்த காலத்து நிவாரண அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பக்கத்தில் அவருக்குச் சீதனமாக வந்த முக்கால் ஏக்கர் காணியின் உறுதி. மடிப்புகள்தோறும் கிழிந்து, பசைநாடா ஒட்டப்பட்டு, அந்த நாடாவும் பழுத்துப்போன கடதாசி அது. வடக்கே ஒழுங்கை, கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே பனை வேலி என்று நான்கு எல்லைகளும் அதில் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. நிச்சயமில்லாத காலத்தில் தேவனை நம்புவது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எந்தப் பிரசங்கமும் அல்லாமல் இந்தப் பேணிதான் என்பதால், அதிலிருந்தே எழுதுகிறேன்.

2006 ஏப்ரலில் சம்பூர் மீது குண்டுகள் விழுந்தபோது அம்மாவும் தம்பியும் அங்கே இருந்தார்கள். நான் திருகோணமலை நகரில், பாலையூற்றில் வாடகை வீடொன்றில் இருந்து ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வெருகல், வாகரை என்று தெற்கே நகர்ந்து மட்டக்களப்பு வரை போய், பின்னர் கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்த கதையை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. இந்த மாவட்டத்தில் அப்படியொரு கதை இல்லாத வீடு குறைவு. ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று, கடற்படை முகாம் வந்தது, அனல்மின் நிலையத்துக்கென்றும் முதலீட்டு வலயத்துக்கென்றும் நிலம் ஒதுக்கப்பட்டது. அம்மாவின் கையில் இருந்த உறுதிக்கு அந்த ஆண்டுகளில் என்ன மதிப்பு என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டபோது, "பத்திரமாக வைத்திருங்கள்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மா பத்திரமாகத்தான் வைத்திருந்தார். முகாமில் கூடாரத்துக்குள் வெள்ளம் வந்த மாரியில் பாய், தலையணை, சட்டி எல்லாம் நனைந்தன. பேணி மட்டும் கூரைக்கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

எரேமியாவின் புத்தகத்தில் 32ஆம் அதிகாரத்தை நான் ஒழுங்காக வாசித்தது அந்தக் காலத்தில்தான். அதுவரை அந்த அதிகாரத்திலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ என்று தேவன் கேட்கும் அந்த ஒரு வசனந்தான். எங்கள் ஆட்களின் வீட்டுச் சுவர்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதைக் காணலாம். ஆனால் அந்த வசனம் ஒரு காணி விற்பனைக்கு நடுவில் வருகிறது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது; நகரம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த வேளையில் அவருடைய தகப்பனின் சகோதரனுடைய மகன் வந்து, ஆனதோத்தூரில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் நகர மதிலுக்கு வெளியே, படைகள் திரிகிற நாட்டுப்புறத்தில் இருந்த ஊர். இன்றைய எங்கள் பேச்சில் சொல்வதென்றால், உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்கும் காணியை, சிறையில் இருக்கிற ஒருவரிடம் விற்க வந்திருக்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளைக் கையொப்பமிட வைக்கிறார், முத்திரை போட்டதையும் திறந்த பிரதியையும் சேர்த்துத் தம் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

இந்த இடத்தை முகாமில் ஒரு மாலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "பானைக்கு மூடி இருந்ததாமோ?" என்பது. வேதத்தில் அது எழுதப்படவில்லை என்றேன். எலி வரும் என்றார்.

எரேமியாவின் காரியத்தில் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஒழுங்குமுறை. அவர் முதலில் காணியை வாங்குகிறார். அதற்குப் பிறகுதான் ஜெபம் பண்ணுகிறார். அந்த ஜெபமும் உறுதியாகத் தொடங்கி, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரைப் புகழ்ந்து, எகிப்திலிருந்து மீட்டதை நினைவுகூர்ந்து, கடைசியில் ஒரு திகைப்பில் போய் முடிகிறது: இதோ கொத்தளங்கள் நகரத்தை எட்டிவிட்டன, நகரம் கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், கையில் போகப்போகிறது, இப்படியிருக்க நீ பணம் கொடுத்து நிலத்தை வாங்கு என்கிறீரே. காசைக் கொடுத்து முடித்துவிட்டு, கையெழுத்தின் மை உலரும் முன்னே, ஏன் வாங்கச் சொன்னீர் என்று கேட்கிற மனிதர் அவர். நம்பிக்கை என்றால் உள்ளத்தில் அலை ஓய்ந்து கிடக்கும் நிலை என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அப்படி ஒரு நிலை எனக்கு வாய்க்காததால், நான் நம்பிக்கையில்லாதவன் என்றும் முடிவு செய்திருந்தேன். எரேமியாவின் உள்ளத்தில் அலை ஓயவில்லை. நிறுத்துக் கொடுத்த வெள்ளி மட்டும் நிறுத்துக் கொடுத்ததாகவே இருந்தது.

எங்கள் தமிழிலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவுல் மூன்றாகப் பிரித்துச் சொல்வதைச் சபையில் மனப்பாடமாகச் சொல்கிறோம். வீட்டில் பேசும்போதோ விசுவாசத்துக்கும் நம்பிக்கை என்ற அதே சொல்தான். ஒருவரை நம்புவதும், ஒரு காரியம் நடக்கும் என்று நம்புவதும் ஒரே வினையில் வந்து கலந்துவிடுகின்றன. "கடவுளை நம்புகிறேன்" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் "விசா கிடைக்கும் என்று நம்புகிறேன்", "காணி கிடைக்கும் என்று நம்புகிறேன்" என்பதையே சொல்கிறோம். அந்தக் காரியம் நடக்காதபோது கடவுளும் அதனோடு சேர்ந்து கைவிட்டுப் போனவராகத் தெரிகிறார்.

அம்மாவின் காணி கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் திரும்பக் கொடுக்கப்பட்டது. 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. எங்கள் முக்கால் ஏக்கரைத் தேடிப் போன நாளில் உறுதியில் இருந்த நான்கு எல்லைகளில் ஒன்றேனும் நிலத்தில் இல்லை. ஒழுங்கை பற்றையாகிவிட்டது. வாய்க்கால் தூர்ந்திருந்தது. பனை வேலி நின்ற இடத்தில் ஓர் அடிக்கட்டையைக்கூடக் காணோம். அம்மா உறுதியை மார்போடு பிடித்தபடி முட்செடிகளுக்குள் நடந்து, ஓரிடத்தில் நின்று, காலால் மண்ணைத் தட்டினார். கிணற்றின் கட்டு அங்கே நிலமட்டத்துக்குக் கீழே, மண்ணும் கல்லும் நிரம்பிக் கிடந்தது. அந்தக் கிணற்றிலிருந்து அடிக்கணக்கில் அளந்துதான் நில அளவையாளர் மற்ற எல்லைகளைப் பிடித்தார்.

சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்தக் கதை இந்த இடத்திலேயே நின்றுவிடும். நானும் இரண்டு தடவை இப்படி நிறுத்திக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அதற்காக வெட்கப்படுகிறேன். நகரில் தங்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தி, அவர்களுக்கு என்ன நடந்தது என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு நிற்கும் தாய்மாரை எங்களில் எல்லாருக்கும் தெரியும்; அவர்களில் ஒருவர் எங்கள் சபையிலேயே, எனக்கு இரண்டு வாங்கு முன்னால் உட்காருகிறவர். அவருடைய பேணியில் காணி உறுதி இல்லை, மகனுடைய தேசிய அடையாள அட்டையின் பிரதி இருக்கிறது. காணி திரும்பியதை நம்பிக்கைக்குக் கிடைத்த பலன் என்று நான் ஒலிவாங்கியில் சொன்னால், அந்த அம்மாவின் நம்பிக்கையைப் பற்றி நான் என்ன சொல்கிறேன்? ஒரு முறை அவரிடம் ஆறுதலாக வசனம் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். "வசனம் எனக்கும் தெரியும், சேர்" என்றார். அன்றிலிருந்து ஆராதனை முடிந்ததும் அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு பொருளாதார நெருக்கடியோடு 2022 வந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும். சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. அந்த மாவட்டத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக நாங்கள் விடியவிடிய வீதியில் படுத்திருந்தோம். தம்பி படகு வைத்திருக்கிறவன். மண்ணெண்ணெய் இல்லாமல் அவனுடைய இயந்திரம் மாதக்கணக்கில் சாக்கு மூடிக் கிடந்தது. கடைசியில் ஒகஸ்ட்டில் எண்ணெய் ஓரளவு கிடைக்கத் தொடங்கியபோது ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடங்கள் எரிபொருள் இல்லாமல் மூடப்பட்டன. மீன்பிடிப் படகுகளில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட இளைஞர்களைக் கடற்படை கிழக்குக் கடலில் மறித்துத் திருப்பிக் கொண்டுவந்த செய்திகள் அடிக்கடி வந்துகொண்டிருந்தன. தம்பியிடமும் ஒருவன் வந்து தொகை பேசிவிட்டுப் போயிருந்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது.

அந்த நாட்களில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், உண்மையான விசுவாசி வரிசையில் நிற்கத் தேவையில்லை, காகங்களைக் கொண்டு எலியாவைப் போஷித்தவர் அவனையும் போஷிப்பார் என்று பிரசங்கித்தார். அவர் வந்த வாகனத்துக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு நா துடித்தது. முந்திய இரண்டு இரவுகளும் வரிசையில் நின்ற களைப்பில் கேட்காமல் விட்டேன். இப்படிப் பேசுவோர் மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. எரேமியா 29இலுள்ள வசனத்தை, நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே ஏதுவானவை என்பதை, வருடப் பிறப்பில் வாக்குத்தத்த அட்டையாகத் தங்க எழுத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள். அதற்கு நேர் முந்திய வசனத்தில் 70 வருடம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பெற்றவர்களில் நடுவயதுக்காரர் ஒருவர்கூட அந்த முடிவைக் கண்ணால் காண வழியில்லை. அவர்களுக்கு அதே கடிதம் சொல்வது, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்பது. அந்த 70ஐ அட்டையில் அச்சிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் போலும்.

நாங்கள் மெதடிஸ்தர். வருடத்தின் தொடக்கத்தில் எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும்; ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கி வைத்தது. உம்முடைய வேலைக்கு என்னை எடுத்தாலும் சரி, உமக்காக என்னை ஒதுக்கி வைத்தாலும் சரி, நான் நிறைந்தவனாயிருந்தாலும் சரி, வெறுமையாயிருந்தாலும் சரி என்ற பொருளில் எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் ஜெபம் ஒன்று அதில் உண்டு. சிறுவயதிலிருந்து சொல்லிவருவதால் அதன் கூர்மை எனக்குத் தெரியாமலே இருந்தது. 2023 ஜனவரியில் அதைச் சொல்லும்போது, வெறுமையாய் என்ற சொல்லில் சபையின் குரல் சற்றுத் தாழ்ந்ததைக் கேட்டேன். என் குரலும் தாழ்ந்தது. அந்த ஜெபத்தில் கையில் வாங்கிக்கொண்டு போக எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, வாக்குத்தத்த அட்டையைவிட அது எனக்கு அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது.

அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். 2022 ஜூலையில், நாட்டில் அடுத்த வாரம் யார் ஆட்சியில் இருப்பார்கள் என்று தெரியாதிருந்த நாட்களில், சம்பூரிலிருந்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, இருபது தென்னங்கன்று வேண்டும் என்றார். அவருக்கு அப்போது 74 வயது. தென்னை காய்க்க ஐந்தாறு வருடமாகும், உரம் கிடைக்காது, அங்கே யானை வரும், கன்றை ஏற்றிவர எண்ணெயும் இல்லை என்று நான் ஒவ்வொன்றாக அடுக்கினேன். முந்திய வருடம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததிலிருந்து வயல்காரர் பட்ட பாட்டையும் நினைவுபடுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அப்ப எப்ப கொண்டு வருவாய்?" என்றார். மூன்று வாரம் கழித்து, மூதூருக்கு மரக்கறி ஏற்றப் போன ஒரு சிறிய லொறியில் கெஞ்சி இடம் பிடித்து, கன்றுகளோடு நானும் போனேன்.

குழிகளை ஏற்கெனவே வெட்டுவித்திருந்தார். குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை அடுக்கி, அதன் மேல் மண்ணும் சாணமும் கலந்து போட்டு, கன்றின் கழுத்து மண்ணுக்குள் போகாதபடி விரலால் அளந்து அளந்து ஒவ்வொன்றாக நட்டார். தம்பி குழிகளுக்குத் தண்ணீர் இறைத்தான். தோண்டித் தூர்வாரிய அதே கிணற்றிலிருந்து. அன்று மாலைவரை படகுக்காரன் பேசிய தொகையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அது தெரிந்திருந்ததா என்பதை இன்றுவரை நான் கேட்டதில்லை. கோடை முழுவதும் இருபது கன்றுக்கும் நாளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். தம்பி போகவில்லை.

மூதூருக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிற இன்னொருவர் ரொபேர்ட் நொக்ஸ். 1660இல் மூதூரை அடுத்த கொட்டியாரக்குடாவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து இறங்கி, கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்ட அந்த ஆங்கில இளைஞர் ஏறக்குறைய 19 வருடம் கைதியாக இருந்தார். கூடவே பிடிபட்ட தகப்பன் அடுத்த வருடமே இறந்துபோனார். மலைநாட்டில் ஒரு நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கொண்டுவர, தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கியதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். மற்றப்படி அவர் செய்ததெல்லாம் தொப்பி பின்னி விற்றது, வீடு கட்டியது, சிறிது நிலம் வாங்கியது. 19 வருடம் என்ற கணக்கு அவருக்கு முன்கூட்டித் தெரியாது. வாங்கிய நிலத்தை விட்டுவிட்டுத்தான் ஒரு நாள் தப்பிப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலம் வாங்குகிறவரெல்லாம் நிலைத்துவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அம்மாவை நகருக்கு அழைத்து வந்துவிட்டோம். 19 வருடத்தில் எத்தனையாவது தடவை என்று எண்ணாமல், பேணியைச் சேலைத் தலைப்புக்குள் அணைத்தபடி எங்கள் வாசலில் வந்து இறங்கினார். அந்த இரவுகளில் மழையின் இரைச்சலில் யாருக்கும் தூக்கம் இல்லை; தம்பியின் தொலைபேசிக்கு அழைப்புப் போகவில்லை. அம்மா ஜெபம் பண்ணினார், ஆனால் நான் எதிர்பார்த்த விதமாகப் பண்ணவில்லை. சீஷர்கள் படகில் நித்திரையாயிருந்த இயேசுவை எழுப்பிக் கேட்ட அதே கேள்வியை, உமக்குக் கவலையில்லையா என்பதை, கோபத்தோடு திரும்பத் திரும்பக் கேட்டார். நான் திடுக்கிட்டேன். பிறகு யோசித்தபோது, கேட்டவர்களில் சிலர் அந்தக் கடலிலேயே பிழைத்த மீனவர் என்பதும், படகு நிரம்புகிறது என்று அவர்கள் சொன்னது அறியாமையால் அல்ல என்பதும், அந்தக் கேள்விக்குத்தான் அவர் எழுந்தார் என்பதும் உறைத்தது. அவர்களுடைய பயத்தை அவர் கடிந்துகொண்டார், உண்மைதான்; ஆனால் முதலில் காற்றை அதட்டினார். மூன்றாம் நாள் தம்பியின் குரல் கேட்டது. கேட்காமல் போயிருந்தால் இந்தப் பத்தியை நான் எப்படி எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாங்கு முன்னால் இருக்கும் அந்த அம்மாவை நினைத்து, அதை அப்படியே விடுகிறேன்.

வீதி திறந்ததும் நான் மட்டும் முதலில் சம்பூருக்குப் போனேன். கூரையில் ஓடுகள் போயிருந்தன, சமையலறைப் பக்கச் சுவர் ஈரத்தில் ஊதியிருந்தது, கிணற்றுக்குள் கிளைகள் கிடந்தன. தென்னைகளை எண்ணிப் பார்த்தேன். முதல் வருடமே வரட்சியில் இரண்டு போனது எனக்குத் தெரியும், யானை இழுத்தெறிந்தவையும் தெரியும். மிச்சத்தில் சிலவற்றைப் புயல் வேரோடு சாய்த்திருந்தது. மாலையில் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வீடு எப்படி என்று கேட்பார் என்று பதில்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டே கேற்றைத் திறந்தேன்.

"கன்று எத்தனை நிக்குது?" என்றார்.

"ஒன்பது, அம்மா."

விரலைக்கூட மடிக்கவில்லை. "அப்ப பதினொண்டு வாங்க வேணும்" என்றார்.